ஏக்கருக்கு எத்தனை வண்டி?

கார் ஷோரூமுக்குத் தெருவைப் பார்த்த முகம்தான் மூலதனம். முன்னால் கண்ணாடி, அதற்குள் நாலைந்து வண்டி. பின்னால் ஒர்க்‌ஷாப், ஸ்பேர் பார்ட்ஸ் கிடங்கு. எல்லாம் சதுர அடிக் கணக்கு. சென்னையில் அப்படிக் கார் விற்றுக்கொண்டிருந்த யூனியன் கம்பெனி, 1948-ல் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட் மோட்டாரோடு சேர்ந்து வண்டலூர் பக்கம் ஆலை போட்டது. மறு வருஷமே முழு வண்டி இறக்குமதிக்குத் தடை வந்தது. 1953-ல், உள்நாட்டில் தயாரிக்கும் திட்டம் இல்லாதவர்கள் நடையைக் கட்டலாம் என்றது அரசு. 1926-ல் வந்த ஃபோர்டும், 1928-ல் பம்பாயில் ஆலை தொடங்கிய ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின. கடைக்காரர் நிலைத்தார், 1961-ல் ஹெரால்டு காரும் கொண்டுவந்தார்.

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் சாலையில் மேற்கே போனால் ஒரகடம். இங்கே அளவு ஏக்கரில். 2010-ல் திறந்த ரெனோ–நிசான் ஆலைக்கு 640 ஏக்கர், 4,500 கோடி ரூபாய், வருடத்துக்கு 4 லட்சம் கார் திறன். ஏக்கருக்கு 7 கோடி, 625 கார். 2012-ல் வந்த டெய்ம்லர் லாரி ஆலைக்கு 400 ஏக்கர், 4,400 கோடி. தொடக்கத் திறன் 36,000. ஏக்கருக்கு 11 கோடி கொட்டியும் 90 லாரிதான்! நஷ்டக் கணக்கு போலத் தெரியும், ஆனால் லாரி பெரிது, விலையும் பெரிது. சோதனை ஓட்டத்துக்கான டிராக்கும் அந்த நிலத்துக்குள்ளேயே ஓடுகிறது.

இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் நேர் எதிர். சுமார் 535 ஏக்கரில் இரண்டு ஆலைகள், 2024 கணக்கில் 8,24,000 கார் திறன். ஏக்கருக்கு 1,540. திரும்பி வந்த ஃபோர்டு மறைமலை நகரில் 350 ஏக்கரில் 2 லட்சம் வரை திறன் வைத்திருந்தது, ஏக்கருக்கு 571. அதுவும் 2022-ல் நின்றது. ஏக்கர் கணக்கு விற்பனையைச் சொல்வதில்லை.

இத்தனை ஏக்கரிலும் ஒரு காரைக்கூட ஆலை வாசலில் காசு கொடுத்து ஓட்டிப்போக முடியாது. ஹூண்டாய் முழுத் திறனில் 365 நாளும் ஓடினால் நாளைக்கு 2,257 கார். எட்டு கார் ஏறும் டிரெய்லர் என்றால் 282 நடை. ஒரு பங்கு கப்பலுக்கு, ஒரு பங்கு ரயிலுக்கு. மிச்சம் ஏதோ ஓர் ஊரின் கடைத்தெருவில், கண்ணாடிக்குப் பின்னால் நாலைந்தாக நிற்கப் போகிறது.