வெட்டிய மலையே நினைவுச் சின்னம்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், டார்க்கீ என்னும் ஊரிலிருந்து மேற்கே ஆலன்ஸ்ஃபோர்டு வரை ஏறத்தாழ 240 கிலோமீட்டர் நீளும் கிரேட் ஓஷன் ரோடு, முதல் உலகப் போரில் மாண்டவர்களின் நினைவாக, அப்போரிலிருந்து உயிருடன் திரும்பியவர்கள் அமைத்த சாலையாகும். உலகின் மிகப் பெரிய போர் நினைவுச் சின்னம் என்று அதனைக் குறிப்பிடுவது வழக்கம். 2011இல் அது ஆஸ்திரேலியாவின் தேசியப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம்பெற்றது. ஆயினும் அங்கு வரும் பயணிகளில் பெரும்பாலோர் காண விரும்புவது சாலையை அன்று. அதன் மேற்குப் பகுதியில் கடலுக்குள் நிற்கும் ‘பன்னிரு அப்போஸ்தலர்கள்’ என்னும் பாறைத் தூண்களையே. வீரர்களின் உழைப்பு மிகுதியாகப் பதிந்திருப்பதோ கிழக்கே, ஈஸ்டர்ன் வியூ, லார்ன், அப்பல்லோ பே ஆகிய ஊர்களை இணைக்கும் மலைச்சரிவில்.

ஆட்வே மலைத்தொடர் நேரே கடலில் இறங்கும் இப்பகுதியில், சாலை வருவதற்கு முன்பு, லார்ன் போன்ற ஊர்களுக்குக் கடல்வழியாகவோ காட்டுக்குள் செல்லும் கரடுமுரடான வண்டித்தடம் வழியாகவோதான் போக முடிந்தது. போர் முடிந்து ஆயிரக்கணக்கான வீரர்கள் வேலையின்றி ஊர் திரும்பவிருந்த சூழலில், மாநிலத்தின் சாலை வாரியத் தலைவராக இருந்த வில்லியம் கால்டர் கடலோரச் சாலைத் திட்டத்தை முன்வைத்தார். ஜீலாங் நகர மேயர் ஹோவர்ட் ஹிட்ச்காக் அதற்கென 1918இல் ஓர் அறக்கட்டளையை நிறுவி நிதி திரட்டினார். மாண்டவர்க்கு நினைவு, மீண்டவர்க்கு வேலை, கடற்கரைக்குச் சுற்றுலா என்னும் மூன்று நோக்கங்களும் தொடக்கத்திலேயே பின்னிக் கிடந்தன என்பதால், புனிதமான நினைவிடத்தைச் சுற்றுலா கெடுத்துவிட்டது என்று இச்சாலையைக் குறித்து வருந்துவது பொருந்தாது.

1919 செப்டம்பரில் தொடங்கிய பணியில் ஏறத்தாழ 3,000 வீரர்கள் ஈடுபட்டனர். இயந்திரங்கள் அரிதாக இருந்தமையால், கடப்பாறை, மண்வெட்டி, வெடிமருந்து, குதிரை வண்டி ஆகியவற்றைக் கொண்டே பாறையை உடைத்து, மலையின் விலாவில் வழி கண்டனர். எட்டு மணி நேர வேலைக்குக் கூலி 10 ஷில்லிங் 6 பென்ஸ். தங்குமிடம் கூடார முகாம். அம்முகாம்களில் பியானோவும் கிராமபோனும் இருந்தன. 1924இல் கேப் பேட்டன் அருகே பாறையில் மோதிய ‘கேசினோ’ என்னும் நீராவிக் கப்பல், எடையைக் குறைப்பதற்காக 500 பீப்பாய் பீரையும் 120 பெட்டி மதுவையும் கடலில் வீச, அவை கரை ஒதுங்கியதும் சாலைப் பணி இரண்டு வாரம் நின்றுபோனது. போர்முனையிலிருந்து வந்தவர்களுக்கு அவ்விடுப்பு மிகையானதன்று.

1922இல் ஈஸ்டர்ன் வியூ – லார்ன் பகுதி திறக்கப்பட்டு, செலவை ஈடுகட்ட வாகனங்களிடம் சுங்கம் வசூலிக்கப்பட்டது. முழுச் சாலை 1932 நவம்பரில் திறக்கப்பட்டபோது ஹிட்ச்காக் உயிருடன் இல்லை. சில மாதங்களுக்கு முன் இறந்துவிட்ட அவருடைய கார் மட்டும் திறப்பு விழா ஊர்வலத்தில் சென்றது. 1936இல் சாலை அரசின் கைக்கு மாறியதும் சுங்கம் நீங்கியது. ஈஸ்டர்ன் வியூவில் சாலைக்குக் குறுக்கே நிற்கும் மரத்தாலான நினைவு வளைவு, 1983ஆம் ஆண்டின் பெருங்காட்டுத் தீயில் எரிந்து, பின்னர் மீண்டும் எழுப்பப்பட்டதாகும். பயணிகள் பெரும்பாலும் படம் எடுத்துக்கொள்வது அவ்வளைவின் கீழேதான் என்றாலும், உண்மையான நினைவுச் சின்னம் அதைக் கடந்தபின் வரும் ஒவ்வொரு சாலைத் திருப்பத்திலும், ஒருபுறம் செங்குத்தாக வெட்டுண்ட பாறையாகவும் மறுபுறம் அலையாகவும் விரிகிறது.

அப்பல்லோ பேக்கு மேற்கே சாலை கடலை விட்டு விலகி, குளிர்ச்சியும் மழையும் மிகுந்த நிலப்பகுதியில் வளரும் மிதவெப்ப மழைக்காட்டினுள் நுழைகிறது; தெற்கே பிரியும் கிளைச்சாலை 1848 முதல் ஒளிவீசிய கேப் ஆட்வே கலங்கரை விளக்கத்துக்கு இட்டுச்செல்கிறது. அதற்கப்பால் வருவது கப்பல்கள் பல உடைந்த கரை. 1878இல் இங்கு மூழ்கிய ‘லாக் ஆர்டு’ கப்பலில் இருந்த 54 பேரில் இருவரே பிழைத்தனர்.

இதே கரையோரம் நிற்கும் அப்போஸ்தலர்கள் ஒருபோதும் பன்னிருவராக இருந்ததில்லை. பண்டைக் கடலடியில் படிந்து இறுகிய சுண்ணாம்புக்கல்லை அலை அரிக்கும்போது முதலில் குகை உண்டாகி, அது துளைபட்டு வளைவாகி, வளைவின் கூரை இடிந்தபின் எஞ்சும் கால் தனித்தூணாக நிற்கிறது. இவ்வாறு நின்ற ஒன்பதில் ஒன்று 2005 ஜூலையில் சரிந்தது. 1990இல் ‘லண்டன் பாலம்’ எனப்பட்ட வளைவு கரையுடனான இணைப்பை இழந்தபோது, அதன்மேல் நின்ற இருவரை ஹெலிகாப்டர் மீட்டது.

மெல்பர்னிலிருந்து ஒரே நாளில் தூண்களைக் கண்டு திரும்ப விரும்புவோர் பெரும்பாலும் கடலோரத்தை விட்டு உட்புறமாகச் செல்லும் நெடுஞ்சாலையில் வேகமாகப் போய்வருவதால், வீரர்கள் வெட்டிய பகுதியைத் தவறவிடுகின்றனர். கடலோரமாகவே செல்வோருக்கு, அங்கும் வாகனங்கள் இடப்புறமே ஓடுவதால், டார்க்கீயிலிருந்து மேற்கு நோக்கிப் பயணம் செய்வதே ஏற்றது. அவ்வாறு போகையில் கடல் அவர்கள் பக்கமாகவே வரும். லார்னிலோ அப்பல்லோ பேயிலோ ஓரிரவு தங்கினால் மலைப்பகுதியைப் பகல் வெளிச்சத்தில் கடக்கலாம். குறுகிய வளைவுகள் நிறைந்த அச்சரிவில், மழைக்காலத்தில் மண்சரிவும் கோடையில் காட்டுத் தீயும் சாலையை மூடிவிடுவதுண்டு என்பதால், புறப்படும் முன் அன்றைய நிலவரத்தை விசாரித்துக்கொள்வது நல்லது.