அம்மா சொன்னா மட்டும் பாடாத ரிசீவர்

ஸ்மார்ட் ஹோம் அமைக்கிறது பத்தி எல்லாரும் பேசுறாங்க, அது சொதப்பும்போது என்ன பண்றதுன்னு யாரும் சொல்றதில்லை. இன்னைக்கு அதைப் பார்க்கலாம். என் வீட்டுக் கதைதான். எனக்குக் கொஞ்சம் அவமானமான கதையும்கூட.

அம்மாவுக்கு முடக்குவாதம், விரல் சரியா மடங்காது. ஹால்ல இருக்கிற ஆடியோ ரிசீவரோட ரிமோட்ல எல்லாம் குட்டிக் குட்டி பட்டன். அழுத்தினாலே அவங்களுக்கு வலி. அதனால ஒரு ராஸ்பெர்ரி பையில ஹோம்பிரிட்ஜ் போட்டு, ரிசீவருக்கான ப்ளக்இன் ஒண்ணை இறக்கினேன். காலையில "குட் மார்னிங்"னு சொன்னா ஹால் லைட் எரியும், ரிசீவர் ஆன் ஆகி எஃப்எம் பாடும். ரெண்டு வாரம் ஒழுங்கா ஓடுச்சு. அப்புறம் சில நாள் பாடும், சில நாள் பாடாது.

அம்மா புகார் சொன்னதும் நான் போய் சொல்லிப் பார்ப்பேன். டக்குனு பாடும். "நீ சரியா சொல்லலம்மா"ன்னுட்டு வந்துடுவேன். "லைட் மட்டும் எரியுதுடா"ன்னு அவங்க சொன்னது என் காதுல ஏறவே இல்லை. கடைசியில அவங்க கேக்கறதையே விட்டுட்டாங்க. நாலஞ்சு நாள் காலையில ஹால் சத்தமில்லாம கிடந்தப்பதான் எனக்கு உறைச்சது. லைட் எரிஞ்சிருக்குன்னா அவங்க சொன்னது சரியாத்தான் கேட்டிருக்கு. கோளாறு அதுக்கு அப்புறம் எங்கேயோ.

முதல்ல, ரிசீவர் எப்படிப் பேசுதுன்னு தெரிஞ்சுக்கணும். பல ரிசீவர்கள் டெல்நெட் என்கிற பழைய முறையில், 23ஆம் போர்ட்டில், சின்னச் சின்ன எழுத்துக் கட்டளைகளை வாங்கிக்கொள்ளும். என்னுடையதுக்கு பி-டபிள்யூ-ஓ-என் என்று அனுப்பினால் ஆன் ஆகிவிடும். ப்ளக்இன் செய்கிற வேலை இவ்வளவுதான்.

எளிதானதை முதலில் முடிச்சேன். ஸ்டாண்ட்பையில் போனால் நெட்வொர்க்கையும் அணைத்துவிடுகிற செட்டிங் பல ரிசீவர்களில் உண்டு. மெனுவில் அதை எப்போதும் ஆன் என்று மாற்றணும். அடுத்து, ரூட்டரில் ரிசீவருக்கு நிலையான ஐபி முகவரி ஒதுக்கணும். ரெண்டும் பண்ணியாச்சு. கோளாறு போகல.

லேப்டாப்பில் இருந்து நேரடியாக 23ஆம் போர்ட்டைத் தொட்டுப் பார்த்தேன். இணைப்பு மறுக்கப்பட்டது. ப்ளக்இனை நிறுத்திவிட்டு மறுபடி முயற்சி செய்தால் உடனே சேர்ந்துகொண்டது. காரணம், என் ரிசீவர் ஒரே நேரத்தில் ஒருத்தரோடுதான் டெல்நெட்டில் பேசும். இதுல கூத்து என்னன்னா, அந்த டெர்மினலை மூடாமலே தூங்கப் போயிட்டேன். மறுநாள் ப்ளக்இனுக்கு இடமே இல்லை! சோதனை பண்ண வந்தவனே புதுக் கோளாறு ஆயிட்டேன்.

உண்மையான காரணம் லாக்ல இருந்தது. பாடாத நாள் எல்லாமே, முந்தின ராத்திரி கரண்ட் போயிட்டு வந்த நாள். எங்க வீட்ல ரூட்டரும் பையும் இன்வெர்ட்டர்ல ஓடுது, ரிசீவர் இல்லை. கரண்ட் போனா ரிசீவர் "நான் போறேன்"னு சொல்லாமலே செத்துப்போகும். திரும்ப எழும்போது அதுக்குப் பழைய இணைப்பு எதுவும் ஞாபகம் இருக்காது. ஆனா ப்ளக்இன் அந்த இணைப்பு உயிரோட இருக்குன்னே நம்பிட்டு உட்கார்ந்திருக்கும். காலையில அம்மா சொன்னதும் முதல் கட்டளை அந்தச் செத்த இணைப்புல போகும். ரிசீவர் "யார் நீ?"னு இணைப்பை வெட்டிவிடும். அப்போதுதான் ப்ளக்இன் விழித்துக்கொண்டு புதிதாகச் சேரும். ரெண்டாவதா போய்ச் சொல்ற எனக்கு எல்லாம் சரியா நடக்கும். அம்மாவோட குட் மார்னிங்தான் ஒவ்வொரு தடவையும் பலியாகியிருக்கு.

டிசிபியில் இதைக் கண்டுபிடிக்க கீப்அலைவ் என்ற வசதி இருக்கு. ஆனா நிரல் கேட்டு வாங்கினாத்தான் அது கிடைக்கும். கேட்டாலும் லினக்ஸின் இயல்பான காத்திருப்பு 7200 விநாடி, அதாவது ரெண்டு மணி நேரம். அதனால ப்ளக்இனோட நிரலைத் திறந்து, 30 விநாடிக்கு ஒருமுறை "ஆன்ல இருக்கியா?"னு ரிசீவரைக் கேட்க வைத்தேன். 3 விநாடியில் பதில் வரலைன்னா இணைப்பை மூடிவிட்டுப் புதிதாகச் சேரணும். உங்க ப்ளக்இன்ல போலிங் இடைவெளின்னு ஒரு செட்டிங் இருந்தா முதல்ல அதைப் பாருங்க, நிரல் பக்கமே போக வேண்டியிருக்காது.

இன்னொரு சின்ன விஷயம். ஆன் கட்டளைக்குப் பிறகு ஒரு விநாடி இடைவெளி விடச் சொல்லி என் ரிசீவரின் கட்டளைப் பட்டியலிலேயே இருக்கு. ப்ளக்இன் ஆன், எஃப்எம், வால்யூம் மூணையும் ஒரே மூச்சில் அனுப்பிக்கிட்டிருந்தது. ஆன் ஆகியும் சில நாள் எஃப்எம் வராததுக்கு இதுதான் காரணம்.

கரண்ட் கட் வரைக்கும் காத்திருக்காம, ரிசீவர் பிளக்கைப் பிடுங்கி, ஒரு நிமிஷம் கழிச்சு மாட்டி, அம்மாவையே சொல்லச் சொன்னேன். பாடுச்சு. "இத்தனை நாள் என் வாயைத்தானே குத்தம் சொன்ன?"ன்னாங்க. பதில் சொல்ல முடியல.

நீங்களும் கை வைக்கறதுக்கு முன்னாடி ரிசீவர் மெனுவுலயே அதிகபட்ச வால்யூமுக்கு ஒரு வரம்பு வச்சிடுங்க. என்னுடையதில் எம்வி505 என்றால் வால்யூம் 50.5. அதை 505ன்னு படிக்கிற மாதிரி நான் ஒருநாள் நிரல் எழுதிட்டேன். வரம்பு இருந்ததால பக்கத்து ஃப்ளாட் தூக்கம் பிழைச்சது.