லாங் ரைடு தலைவலி: மாத்திரைக்கு முன்னாடி பார்க்க வேண்டிய 5 விஷயங்கள்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சுருக்கப்பட்டது.)

போன வாரம் ஒரு வாய்ஸ் நோட் வந்துச்சு. அனுப்பினவர் மாசம் ஒரு தடவை சென்னையிலிருந்து பெங்களூருக்கு பைக்ல போறவர். "வேலூர் தாண்டினதும் தலைவலி ஆரம்பிச்சிடுது ப்ரோ. ஆம்பூர் வர்றதுக்குள்ள தாங்க முடியாம ஹெல்மெட்டைக் கழட்டி கையில மாட்டிக்கிட்டு ஓட்டுறேன். எந்த மாத்திரை போடலாம்?"

அந்தக் கையில மாட்டின ஹெல்மெட்தான் என்னை உட்கார்ந்து இந்த எபிசோடைப் பண்ண வெச்சது. தலைவலியோட ஓட்டும்போது கவனம் குறையும். 80 கிமீ வேகத்துல ஒரு செகண்டுக்கு 22 மீட்டர் போறோம். ஒரு செகண்டு லேட்டா பிரேக் பிடிச்சா, அந்த 22 மீட்டர் நம்ம கையில இல்ல. அதுவும் தலையில ஹெல்மெட் இல்லாம.

நான் டாக்டர் இல்ல, சாஃப்ட்வேர் ஆளு. அதனால மருந்து சொல்லப் போறதில்ல. வலி எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிக்கிற வழியை மட்டும் சொல்றேன்.

முதல்ல லாக் எடுங்க

அடுத்த ரைடுல மூணே கேள்வி. எங்க வலிக்குது? கிளம்பி எவ்வளவு நேரத்துல ஆரம்பிக்குது? எதைப் பண்ணினா குறையுது?

நெத்தியில ஒரே இடத்துல அரை மணி நேரத்துக்குள்ள வலிச்சு, ஹெல்மெட்டைக் கழட்டினதும் குறைஞ்சா, சந்தேகம் ஹெல்மெட் மேல. பின்கழுத்துல ஆரம்பிச்சு மேல ஏறினா கழுத்துத் தசை. இறங்கினப்புறமும் காதுல "ங்ங்"னு ரீங்காரம் இருந்து தலையே கனமா இருந்தா சத்தம். மந்தமான வலி, நாக்கு வறட்சி, சிறுநீர் அடர் மஞ்சள்னா தண்ணி. கண்ணுக்குப் பின்னாடியும் புருவத்துலயும் வலின்னா வெயிலும் கூச்சமும்.

நம்ம நண்பர்கிட்ட இதையே கேட்டேன். நெத்தி நடுவுல வலி, அங்க சிவப்பா ஒரு தடம். ஹெல்மெட் அவங்க அண்ணனோடது. காலையில நாலரைக்குக் கிளம்புறார், காபியும் இல்ல, தண்ணியும் இல்ல. அதாவது ஒரு காரணம் இல்ல, ரெண்டு மூணு சேர்ந்து நிக்குது. பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அதனால ஒவ்வொண்ணா மாத்திப் பாருங்க. எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்தினா எது வேலை செஞ்சதுன்னு தெரியாது.

1. ஹெல்மெட்: சைஸ் மட்டும் போதாது

தையல் டேப்பை புருவத்துக்கு ஒரு இன்ச் மேல, தலையோட அகலமான பகுதியைச் சுத்தி வெச்சு அளந்துக்கோங்க. அந்த சென்டிமீட்டரை கம்பெனியோட சைஸ் சார்ட்ல பாருங்க. ஒரு பிராண்டோட எல் இன்னொரு பிராண்டுல எம்-ஆ இருக்கலாம்.

அதைவிட முக்கியம் தலையோட வடிவம். சிலருக்கு மேலிருந்து பார்த்தா தலை நீள்வட்டமா இருக்கும், சிலருக்கு உருண்டையா இருக்கும். நீளத் தலைக்கு உருண்டை ஹெல்மெட் போட்டா நெத்தி அழுந்தும், பக்கவாட்டுல காலியா இருக்கும். உருண்டைத் தலைக்கு நீள ஹெல்மெட் போட்டா பொட்டு ரெண்டும் நசுங்கும். இங்க எல்லாரும் ஒரு சைஸ் பெருசா வாங்கிடுறாங்க. வலி குறையும், ஆனா விழும்போது ஹெல்மெட் ஆடும், கழண்டு போகவும் வாய்ப்பிருக்கு. சரியான வழி வேற வடிவம், வேற மாடல்.

கடையில போட்டதும் கழட்டாதீங்க. 20 நிமிஷம் போட்டுக்கிட்டே நில்லுங்க. கன்னத்துல இறுக்கமா இருந்தா பரவாயில்ல, அந்த பேட் கொஞ்ச நாள்ல படிஞ்சிடும். நெத்தியில ஒரே புள்ளியில அழுந்தினா அந்த ஹெல்மெட் உங்களுக்கில்ல.

இன்னொண்ணு. உள்ளே இருக்கிற தெர்மோகோல் லேயரை ஸ்பூனால சுரண்டி இடம் பண்ணாதீங்க. அடியை வாங்கிக்கிறதே அந்த லேயர்தான். கண்ணாடிக் கம்பி, கொண்டை, பாலக்லாவா தையல் இதெல்லாம் கூட அழுத்தும். ஹெல்மெட்டைக் குறை சொல்றதுக்கு முன்னாடி அதையும் பாருங்க.

2. சத்தம்: எக்ஸாஸ்ட் இல்ல, காத்து

ஹைவேயில நம்ம காதைச் சோர வைக்கிறது இன்ஜின் சத்தம் கூட இல்ல, காத்து. 100 கிமீ வேகத்துல ஹெல்மெட்டுக்குள்ள சத்தம் 95 டெசிபலைத் தாண்டுறது சகஜம். அமெரிக்காவோட நியோஷ் அமைப்பு 85 டெசிபல்னா 8 மணி நேரம்னு வரம்பு வெச்சிருக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும். 94-ல 1 மணி நேரம். 100-ல வெறும் 15 நிமிஷம். பெங்களூர் போய்ச் சேர ஆறேழு மணி நேரம் ஆகும்னு ஞாபகம் வெச்சுக்கோங்க. தலைவலி போயிடும், கேட்கும் திறன் போனா திரும்ப வராது.

தீர்வு மெடிக்கல்ல கிடைக்கிற ஃபோம் இயர்பிளக். விரல்ல உருட்டி ஒல்லியாக்கி, எதிர்க்கையால காதை மேல இழுத்து உள்ளே விட்டு, அது விரியுற வரைக்கும் அரை நிமிஷம் பிடிங்க. "ஹாரன் கேட்காதே ப்ரோ"ன்னு கேட்பீங்க. காத்து இரைச்சலும் சேர்ந்து குறையுறதால ஹாரன் தனியா தெரியும். முதல்ல பழகின ரோட்டுல போட்டுப் பார்த்துட்டு அப்புறம் ஹைவேக்குப் போங்க. இயர்போன் இதுக்கு மாத்து இல்ல. இரைச்சலை மீறிப் பாட்டு கேட்க வால்யூமைக் கூட்டுவோம், அவ்வளவுதான்.

3. கழுத்து: கணக்கு போட்டுப் பாருங்க

தலையே நாலஞ்சு கிலோ. ஃபுல்-ஃபேஸ் ஹெல்மெட் கிட்டத்தட்ட ஒன்றரை கிலோ. இதோட காத்தழுத்தம். அது வேகத்தோட வர்க்கத்துல ஏறும். 80-லிருந்து 100 போனா வேகம் 25% கூடுது, காத்தோட விசை 56% கூடுது. அதை நாள் முழுக்கத் தாங்குறது கழுத்துத் தசை.

மாறா, 100-ஐ 85 ஆக்கினா விசை 28% குறையும். 350 கிமீ-க்கு ஆகுற கூடுதல் நேரம் சுமார் 37 நிமிஷம். எனக்கு அது நல்ல டீல்.

குட்டை விண்ட்ஸ்க்ரீன் போட்டிருந்தா ஒரு டெஸ்ட். காலி ரோட்டுல, சீரான வேகத்துல, ஃபுட்பெக் மேல லேசா எழுந்து பாருங்க. தலை ஆட்டமும் இரைச்சலும் குறைஞ்சா, ஸ்க்ரீன் மேல் விளிம்புல கலைஞ்ச காத்துதான் ஹெல்மெட்டை அடிக்குது. ஸ்க்ரீனோட உயரத்தையோ கோணத்தையோ மாத்தணும்.

தோளைக் காதுகிட்ட தூக்கி வெச்சிருக்கீங்களான்னு அப்பப்ப பாருங்க. தோளை இறக்குங்க, முழங்கையை லேசா மடக்குங்க, டேங்கை முழங்காலால பிடிங்க. லேப்டாப் பேக்கை முதுகுலருந்து எடுத்து சீட்டுல கட்டுங்க.

4. தண்ணியும் காபியும்

காத்துல வியர்வை உடனே காய்ஞ்சிடுறதால எவ்வளவு தண்ணி போச்சுன்னே தெரியாது. தாகம் வர்ற வரைக்கும் காத்திருக்காம, மணிக்கொரு தடவை நிறுத்தி கொஞ்சம் கொஞ்சமா குடிங்க. மோர், இளநீர், ஓஆர்எஸ் எதுவும் ஓகே. பாத்ரூம் கிடைக்காதேன்னு தண்ணியையே தவிர்க்கிறவங்க நிறைய, முக்கியமா பெண் ரைடர்ஸ். அதனால நல்ல டாய்லெட் இருக்கிற பெட்ரோல் பங்க், ஹோட்டலை முன்னாடியே மேப்ல குறிச்சு, ஸ்டாப்பை அங்கேயே வைங்க.

தினம் காபி குடிக்கிறவங்க திடீர்னு விட்டா 12-லிருந்து 24 மணி நேரத்துல தலைவலி வரலாம். முந்தின நாள் சாயங்காலம் 5 மணிக்குக் கடைசிக் காபி, காலையில காபி இல்லாம கிளம்பினா அந்த நேரம் நடு ரோட்டுலதான் வரும். நம்ம நண்பர் போன தடவை காபியும் தண்ணியும் சரி பண்ணினார். வலி ஆம்பூர்லருந்து கிருஷ்ணகிரிக்குத் தள்ளிப் போச்சு. மிச்சம் இருக்கிறது அண்ணன் ஹெல்மெட்.

5. வெயில் எந்தப் பக்கம்?

சென்னையிலிருந்து பெங்களூர் மேற்கு. விடியக்காலம் கிளம்பினா சூரியன் முதுகுல, மத்தியானம் கிளம்பினா முகத்துல. திரும்பி வரும்போது அப்படியே தலைகீழ். டைம் போடும்போதே இதைப் பார்த்துக்கோங்க. கீறல் விழுந்த வைசர் வெளிச்சத்தைச் சிதறடிக்கும், கண் சுருக்கிச் சுருக்கியே வலி வரும். வைசரை மாத்துங்க. கறுப்பு வைசர் பகலுக்கு மட்டும்தான்.

மாத்திரை பத்தி

முன்கூட்டியே ஒண்ணு போட்டுட்டுக் கிளம்புறது நல்ல பழக்கம் இல்ல. மாசத்துல 15 நாள் அளவுக்கு வலி மாத்திரை போனா, அதுவே தலைவலிக்குக் காரணமாகும். சில சளி மாத்திரைகள் தூக்கம் வரவைக்கும், ரைடு அன்னைக்கு வேண்டாம். மைக்ரேன் இருக்கிறவங்க டாக்டர்கிட்ட பேசிட்டே ட்ரிப் பிளான் பண்ணுங்க.

சில தலைவலி இந்த லிஸ்ட்லயே வராது. இடி விழுந்த மாதிரி திடீர்னு வர்ற கடுமையான வலி, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் மரத்துப்போறது, பார்வை மங்குறது, விழுந்து தலையில அடிபட்டப்புறம் வர்ற வலி. இதுல எது வந்தாலும் வண்டியை நிறுத்திட்டு 108-க்குக் கூப்பிடுங்க. ஓட்டிக்கிட்டே ஆஸ்பத்திரிக்குப் போக நினைக்காதீங்க.

சாதா வலின்னாலும் ரூல் ஒண்ணுதான்: ஹெல்மெட்டைக் கழட்டணும்னா முதல்ல வண்டி நிக்கணும். ஓரமா ஒதுங்கி, சைடு ஸ்டாண்டு போட்டு, நிழல்ல 20 நிமிஷம் உட்காருங்க. பெங்களூர் எங்கேயும் ஓடிடாது.

உங்க லாக்ல என்ன வந்துச்சுன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம், டேக் கேர்!