வெளியே தட்டினால் பெட்டிக்கு எப்படித் தெரியும்?

மாணவர்களே, இணையப் படிவத்தில் தேதியை நிரப்பும்போது சிறிய நாள்காட்டி ஒன்று திறப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது வேண்டாமென்றால் பக்கத்தின் வேறோர் இடத்தைத் தட்டுவீர்கள். உடனே நாள்காட்டி மறைந்துவிடும். நீங்கள் வெளியே தட்டியது அதற்கு எப்படித் தெரிந்தது?

உலாவியில் 'வெளியே தட்டல்' என்று தனி நிகழ்வு எதுவும் இல்லை. 'இந்த இடம் தட்டப்பட்டது' என்ற செய்தி மட்டுமே உருவாகும். உள்ளேயா வெளியேயா என்பதை நிரல் எழுதுபவர்தான் கண்டறிய வேண்டும்.

இணையப் பக்கம் என்பது பெட்டிக்குள் பெட்டியாக அடுக்கப்பட்ட அமைப்பு. தட்டிய செய்தி, தட்டப்பட்ட இடத்திலிருந்து அதைச் சுற்றியுள்ள பெட்டிக்கும், பிறகு அதற்கும் வெளியே உள்ள பெட்டிக்கும் செல்லும். இப்படியே ஏறி, முழுப் பக்கத்தையும் அடக்கிய 'டாக்குமென்ட்' வரை போகும். நீருக்கடியிலிருந்து குமிழி மேலெழுவது போல இருப்பதால் இதற்குப் 'பப்ளிங்' என்று பெயர்.

இதைப் பள்ளியோடு ஒப்பிடுவோம். எந்த வகுப்பு மாணவராக இருந்தாலும் பள்ளி வாசலைக் கடந்துதான் வெளியேற வேண்டும். ஆகவே, வாசலில் ஒரு காவலர் இருந்தால் போதும். அவர் வகுப்பைத் தொலைபேசியில் அழைத்து, "இவர் உங்கள் மாணவரா?" என்று கேட்கலாம். நிரலிலும் அப்படித்தான். டாக்குமென்டில் ஒரு காவலரை வைக்கிறோம். 'கன்டெயின்ஸ்' என்ற கட்டளை, தட்டப்பட்ட பொருள் பெட்டிக்குள் இருக்கிறதா என்று கேட்கும். 'இல்லை' என்று பதில் வந்தால் பெட்டி மூடப்படும்.

நான் ஒருமுறை என் மாணவர்களுக்காகச் சோதனை அறிக்கை எழுதும் பெட்டி ஒன்றை உருவாக்கினேன். அதில் பொருள்களின் பட்டியலும் இருந்தது. பெருக்கல் குறியைத் தட்டினால் அந்தப் பொருள் நீங்கும். ஒரு மாணவி முடிவுரையை எழுதிவிட்டு, தவறாகச் சேர்த்த பொருள் ஒன்றை நீக்கினார். பெட்டி மூடிக்கொண்டது, எழுதியது அத்தனையும் போயிற்று. "சார், நான் வெளியே தட்டவே இல்லை!" என்றார். நான் முதலில் நம்பவில்லை. ஆனால், அவர் சொன்னதே சரி.

நடந்தது இதுதான்: செய்தி வாசலுக்கு வருவதற்குள், தட்டப்பட்ட குறி பக்கத்திலிருந்தே நீக்கப்பட்டுவிட்டது. வகுப்பு தன் பெயர்ப்பட்டியலில் ஒருவரின் பெயரை அடித்த பிறகு காவலர் அழைத்தால், "அப்படி யாரும் இங்கில்லை" என்றுதானே பதில் வரும்?

இதற்குத் தீர்வு 'கம்போஸ்டு பாத்'. தட்டிய கணத்தில் செய்தி கடக்கவிருந்த பெட்டிகளின் பட்டியல் அது. மாணவர் கையிலுள்ள அனுமதிச் சீட்டைப் போன்றது. பெயர் பிறகு அடிக்கப்பட்டாலும், சீட்டில் வகுப்பின் பெயர் மாறாது. காவலர் அதைப் பார்த்தால் குழப்பம் இல்லை.

நான் இன்னொன்றையும் திருத்தினேன். பெட்டி மூடினாலும் எழுதியது அழியாமல் இருக்கும்படி செய்தேன். சுட்டியைப் பயன்படுத்த இயலாதவர்களுக்காக 'எஸ்கேப்' விசையாலும் பெட்டியை மூட வழிசெய்தேன்.

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி. வழியிலுள்ள ஒரு பெட்டி செய்தியை மேலே போகவிடாமல் தடுத்தால், காவலர் என்ன செய்வார்? ஒரு குறிப்பு: செய்தி மேலேறும் முன், உச்சியிலிருந்து கீழே இறங்கி வருகிறது. யோசித்துப் பாருங்கள்!