திருவிழா முடிந்த மறுநாள்

சித்திரை மாதத்தில் ஒரு சனிக்கிழமை. பேரா மாநிலத்தில், தெலுக் இந்தானிலிருந்து அரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஒரு செம்பனைத் தோட்டம். அம்மன் கோயில் திடலில் இடம் போதாமல் மண் சாலையின் இருபுறமும் கார்கள் நிற்கின்றன. சிலாங்கூர் எண், கோலாலம்பூர் எண், ஜொகூர் எண், நடுவில் இரண்டு சிங்கப்பூர் எண். தீமிதி முடிந்து பந்தலில் சாப்பாடு. "நீ எந்த வீட்டுப் பிள்ளைப்பா?" என்று பாட்டிமார்கள் இளைஞர்களை நிறுத்தி விசாரிக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் வலைத்தொடர்பு கிடைக்கும் இடத்தைத் தேடி அலைகிறார்கள்.

ஞாயிறு மாலைக்குள் கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிவிட்டன. திங்கட்கிழமை காலை லயத்து வீடுகளைச் சுற்றி நடந்தேன். பெரும்பாலான வாசல்களில் இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்களின் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. எஞ்சியிருந்த தமிழ்க் குடும்பங்களை இரண்டு கை விரல்களில் எண்ணிவிடலாம். அவற்றுள் பாதிக்கு மேல், வயதான ஒருவர் மட்டும் தனியாக இருக்கும் வீடுகள்.

அப்படி ஒரு வீட்டில்தான் என் பெரியம்மா இருக்கிறார். வயது 74. பெரியப்பா இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. மூத்தவர் பூச்சோங்கில், மகள் ஜொகூர் பாருவில், இளையவர் சிங்கப்பூரில்.

நம்மில் பலருக்கு இப்படி ஒரு பெரியம்மாவோ, தாத்தாவோ, அத்தையோ தோட்டத்திலோ கம்பத்திலோ இருக்கிறார். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசியர்களில் 75 விழுக்காட்டினர் நகரவாசிகள். 2030-ஆம் ஆண்டுவாக்கில் 60 வயதைத் தாண்டியவர்கள் 15 விழுக்காட்டை எட்டுவார்கள் என்று எதிர்பார்க்கப்படுகிறது. இளையவர்கள் நகரத்தில், முதியவர்கள் தோட்டத்தில் என்று பல குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்து கிடக்கின்றன. அங்கிருப்பவரை யார், எப்படிப் பார்த்துக்கொள்வது என்ற பேச்சு மட்டும், யாராவது கீழே விழுந்த பிறகுதான் தொடங்குகிறது.

வேலையோடு வந்த வீடு

பெரியம்மா 14 வயதில் பால்வெட்டுக்குப் போனவர். விடியுமுன் பெரட்டு, பிறகு மரம், பிறகு வீடு. பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டபோது, அதே தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கினார், உரம் போட்டார். செம்பனைக்குப் பால்மரம் அளவுக்கு ஆட்கள் தேவைப்படவில்லை. தோட்டத்துப் பிள்ளைகள் பினாங்கு, கிள்ளான் பள்ளத்தாக்கு, ஜொகூர் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். பெற்றோர் தோட்டத்திலேயே தங்கினார்கள்.

அன்று வீடு, தண்ணீர், ஆயாக்கொட்டகை, மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர், தமிழ்ப்பள்ளி, கோயில் எல்லாமே நடந்துபோகும் தூரத்தில் இருந்தன. எல்லாமே வேலையோடு சேர்ந்து வந்தவை. வேலை முடிந்தால் வீட்டைத் திருப்பித் தரவேண்டும் என்பதுதான் ஏற்பாடு. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், தொழிலாளிக்கும் நிலத்தில் பங்கு வேண்டும் என்று துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய் உறுப்பினர் சேர்த்தார். அச்சங்கம் தோட்டங்களை வாங்கவும் செய்தது. ஆனாலும் பெரும்பாலான தொழிலாளர்களுக்கு லயத்து வீடு கடைசிவரை நிர்வாகத்தின் வீடாகவே இருந்தது.

பெரியம்மாவை யாரும் இதுவரை வெளியேறச் சொல்லவில்லை. இருக்கலாம் என்று எழுத்தில் தந்தவரும் இல்லை. தோட்டம் கைமாறினால் என்ன ஆகும் என்று கேட்டால், "அத அப்பப் பார்த்துக்கலாம்பா" என்பார்.

சேமிப்பும் பெரிதாக இல்லை. 2013-இல் குறைந்தபட்ச ஊதியம் நடைமுறைக்கு வந்தபோது தீபகற்பத்தில் அது மாதம் 900 வெள்ளி. அதற்கு முன் ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளர்கள், அதற்கும் குறைவான வருமானத்திலிருந்து ஊழியர் சேமநிதிக்குக் கட்டியவர்கள். பெரியப்பாவும் பெரியம்மாவும் எடுத்த பணம் இரண்டு பிள்ளைகளின் கல்யாணத்தோடு தீர்ந்தது.

ஒன்பதாம் மாடியில் நான்கு மாதம்

பெரியப்பா இறந்ததும் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "அம்மாவ அழைச்சிட்டுப் போயிடு." மூத்த அண்ணனும் அழைத்துப் போனார். பூச்சோங்கில் ஒன்பதாம் மாடி. அண்ணனும் அண்ணியும் காலை ஆறரைக்குக் கிளம்பினால் திரும்ப இரவு எட்டாகும். பிள்ளைகள் பள்ளி முடிந்து டியூஷன். சாப்பாடு, மருந்து, தனி அறை எதிலும் குறையில்லை.

ஒருநாள் பார்க்கப் போயிருந்தேன். "இங்க எனக்கு என்னப்பா வேல? டிவியப் பார்க்கிறது, ஜன்னலப் பார்க்கிறது. கீழ இறங்கினா எந்த பட்டன அமுக்கணும்னு பயமா இருக்கு," என்றார். தோட்டத்தில் காலையில் கோயில் வாசலைக் கூட்டுவார். பூ பறித்துத் தொடுப்பார். முருங்கைக்கீரை உருவி நாலு வீட்டுக்குக் கொடுப்பார். பக்கத்து இந்தோனேசியக் குடும்பத்தின் கைக்குழந்தையை மதியம் வரை பார்த்துக்கொள்வார். அவரை யாராவது ஏதாவது கேட்டு வருவார்கள். பூச்சோங்கில் அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

நான்கு மாதத்தில் பேச்சு குறைந்தது, சாப்பாடு குறைந்தது. தோட்டத்துக்கே போகிறேன் என்று அழுதார். அண்ணன் கொண்டுபோய் விட்டார். உறவினர் சிலர், "மருமக சரியில்ல போல" என்று பேசினார்கள். அண்ணி அந்தப் பேச்சை இன்றுவரை மறக்கவில்லை. அவர் மீது எந்தக் குற்றமும் இல்லை என்று பெரியம்மாவே பலமுறை சொல்லியிருக்கிறார்.

மறைத்த புண்

திரும்பிப் போனதோடு எல்லாம் சுகமாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். இரண்டு ஆண்டுகளுக்கு முன் செருப்பு உரசி, பெரியம்மாவின் வலது காலில் சிறு புண். நீரிழிவு உள்ளவர். காலில் உணர்ச்சி குறைந்திருந்ததால் வலியில்லை. மூன்று வாரம் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு நடமாடினார். தினமும் இரவு மகள் போன் செய்து, "சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்பார். "சாப்பிட்டேன்மா" என்பார். புண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடைசியில் பக்கத்து வீட்டு வங்காளதேசத் தம்பிதான் வாடையை உணர்ந்து, மோட்டாரில் ஏற்றி கிளினிக்கில் சேர்த்தான். அங்கிருந்து மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

ஏன் சொல்லவில்லை என்று எல்லாரும் கேட்டோம். "புள்ளைங்க லீவு போட்டு ஓடி வருவீங்க. கார் பிடிச்சுப் போனா போகவர அம்பது வெள்ளி," என்றார்.

அரசாங்க கிளினிக்கில் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி. 60 வயதைத் தாண்டிய குடிமக்களுக்கு அதுவும் கிடையாது. மருந்தும் இலவசம். அந்த இலவச வைத்தியத்துக்குப் போய்ச் சேர 50 வெள்ளி. பேருந்து பெருஞ்சாலையோடு நின்றுவிடும். தோட்டத்திலிருந்து பெருஞ்சாலைக்கு நான்கு கட்டை தூரம். கிராப் அழைத்தால் பெரும்பாலும் வண்டி கிடைக்காது.

இது ஒரு வீட்டுக் கதை என்று ஒதுக்க முடியாது. 2019 தேசிய உடல்நல ஆய்வின்படி 18 வயதைத் தாண்டிய மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது ஏறக்குறைய மூன்றில் ஒருவர். நீரிழிவு முற்றிச் சிறுநீரகம் பழுதானால் வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம் இரத்தச் சுத்திகரிப்பு. வாகன வசதியற்ற தோட்டத்தில் இருப்பவர் அதை எப்படிச் சமாளிப்பார்?

கிளினிக்குக்கு யார் கூட்டிப் போவது?

அந்த இரண்டு விரல்கள் போன பிறகுதான் பிள்ளைகள் மூவரும் உட்கார்ந்து பேசினார்கள். "அம்மா எங்கே இருப்பது?" என்பதைப் பேசிப் பேசிச் சண்டைதான் வந்தது. கடைசியில் மகள்தான், "அடுத்த செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்கு அம்மாவ யார் கூட்டிட்டுப் போறது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடியபோது வழி பிறந்தது.

தோட்டத்தில் லாரி ஓட்டி ஓய்வுபெற்ற ஒருவரிடம் பழைய புரோட்டோன் கார் இருந்தது. மாதம் இவ்வளவு என்று பேசி, மூவரும் பங்கு போட்டுக் கொடுக்கிறார்கள். கிளினிக் நாளில் அவர் கூட்டிப்போய்க் காத்திருந்து திரும்பக் கொண்டுவிடுகிறார். காசு ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டதால் 'செலவாகுமே' என்று பெரியம்மா பின்வாங்குவதில்லை. இப்போது அதே காரில் இன்னொரு தாத்தாவும் போகிறார்.

கிளினிக்கில் தரும் புத்தகத்தைக் காரோட்டி படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். பெரியம்மாவுக்கு மலாய் பேசவரும், படிக்க வராது. அடுத்து வரவேண்டிய தேதி, சர்க்கரை அளவு, மாற்றிய மருந்து எல்லாம் பிள்ளைகளுக்கு அன்றே தெரிந்துவிடுகிறது.

மாதாந்திர மருந்தை, பெரிய மருத்துவமனைக்குப் போகாமல் அருகிலுள்ள அரசாங்க கிளினிக்கிலேயே வாங்கிக்கொள்ள ஏற்பாடு உண்டு. தபாலில் பெறும் வசதியும் உண்டு. கேட்பவர்களுக்குத்தான் கிடைக்கும். மருந்தகத்தில் கேளுங்கள். படுக்கையில் விழுந்துவிட்டவர்களுக்குச் சுகாதார அமைச்சின் குழு வீட்டுக்கே வந்து காயம் துடைக்கும், உடற்பயிற்சி சொல்லித்தரும் சேவையும் இருக்கிறது. ஆனால் கவனித்துக்கொள்ள வீட்டில் ஓர் ஆள் இருக்கவேண்டும்.

வீட்டுக்குப் பின்னால் இருந்த குளியலறைக்குக் கைப்பிடிக் கம்பி, வழுக்காத தரை, இரவு விளக்கு. ஒரு நாள் வேலை. பக்கத்து வீட்டில் ஒரு மாற்றுச் சாவி. காலை எட்டு மணிக்குள் கதவு திறக்காவிட்டால் பிள்ளைகளுக்கு அவர்கள் அழைக்கவேண்டும் என்று பேச்சு.

வருமானம் இல்லாத, பிள்ளைகளாலும் தாங்க முடியாத முதியவர்களுக்குச் சமூகநலத்துறை மாத உதவி தருகிறது. 2025-இல் அது 500 வெள்ளியிலிருந்து 600 வெள்ளியாக உயர்ந்தது. 60 வயதைத் தாண்டியிருக்கவேண்டும். குடும்ப நிலையைப் பார்த்தே தருவார்கள். மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் விண்ணப்பிக்கவேண்டும். தோட்டத்தில் தனியாக இருக்கும் பலருக்கு அந்தப் பாரத்தை நிரப்பித் தர ஆளில்லை. விடுமுறைக்குப் போகும் ஓர் இளைஞர் ஒரு மணி நேரத்தில் செய்யக்கூடிய வேலை அது.

சேமநிதியில் இன்னும் பணம் இருந்தால் வாரிசு நியமனம் செய்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் பிறகு நீங்கள்தான் அலுவலகம் அலுவலகமாக அலைய நேரிடும்.

கோயில்களுக்கு ஒரு வேண்டுகோள்

பிள்ளைகள் இல்லாதவர்கள், இருந்தும் தொடர்பில்லாதவர்கள் தோட்டத்தில் இருக்கிறார்கள். பெண்கள் ஆண்களைவிட நாலைந்து ஆண்டுகள் கூடுதலாக வாழ்வதால், தனியாக எஞ்சுபவர்களில் பெண்களே அதிகம். இவர்களுக்கு உறவு என்றால் கோயில்தான்.

திருவிழாவுக்கு நகரத்திலிருந்து வரும் பிள்ளைகள் பந்தலுக்கும் மேளத்துக்கும் தாராளமாகக் கொடுக்கிறார்கள். அந்தக் கணக்கில் 'கிளினிக் வண்டி' என்று ஒரு வரி சேர்க்க முடியாதா? மாதம் இரண்டு நாள் ஒரு காரும் காரோட்டியும் இருந்தால், தோட்டத்து முதியவர்கள் எத்தனையோ பேர் தவறாமல் மருத்துவரைப் பார்த்துவிடுவார்கள். கோயில் குழுக்களில் இருக்கும் இளைஞர்கள் இதை அடுத்த கூட்டத்தில் பேசலாம்.

அடுத்த முறை போகும்போது

தோட்டத்தில் இருப்பது எல்லாருக்கும் பொருந்தாது. ஞாபக மறதி வந்தவர், நடமாட முடியாதவர், வாரம் மூன்று முறை சிகிச்சை தேவைப்படுபவர் பிள்ளைகளுக்கு அருகில் வந்துதான் ஆகவேண்டும். பெரியம்மாவுக்கும் அந்த நாள் வரலாம். அப்போது பூச்சோங்கில் அடுக்குமாடி வேண்டாம், மண் வாசல் உள்ள வாடகை வீடு பார்க்கலாம் என்று அண்ணி இப்போதே சொல்லிவைத்திருக்கிறார். பெரியம்மாவும் தலையாட்டியிருக்கிறார். எப்போது, எந்த நிலையில் வருவது என்று அவரிடம் கேட்டுப் பேசியதால்தான் அந்தத் தலையாட்டல் கிடைத்தது.

திருவிழாவுக்கோ தீபாவளிக்கோ போகும்போது பாதி நாள் அதற்காக ஒதுக்குங்கள். செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பாருங்கள். மருந்துப் பையைத் திறந்து பாருங்கள். குளியலறைக்கு நீங்களே இருட்டில் போய்ப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் பெயரையும் எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு, கிளினிக்குக்கு எப்படிப் போகிறீர்கள் என்று கேளுங்கள். "அதெல்லாம் போயிடுவேன்" என்று பதில் வந்தால், இன்னொரு முறை கேளுங்கள்.

அந்தத் திங்கட்கிழமை பெரியம்மாவுக்குக் கிளினிக் நாள். எட்டு மணிக்குக் கார் வந்து ஒலி எழுப்பியது. பிளாஸ்டிக் பையில் புத்தகத்தைப் போட்டுக்கொண்டு கதவைப் பூட்டினார். "மத்தியானம் வந்திடுவேன்பா. இருந்து சாப்பிட்டுட்டுப் போ," என்று சொல்லிவிட்டு முன் இருக்கையில் ஏறினார். தாத்தா ஏற்கெனவே பின்னால் உட்கார்ந்திருந்தார்.