ஸீட்டுக்கு அடியில் ஒரு ஸ்டவ்!

பின்லாந்தில் ஜனவரி ராத்திரி. மைனஸ் 20 டிகிரி. லாரியை ஓரங்கட்டிவிட்டு டிரைவர் தூங்கியாக வேண்டும். விடிய விடிய எஞ்சினை ஓடவிட்டால் கதகதப்புதான். ஆனால், மணிக்குச் சுமார் 3 லிட்டர் டீசல் காலி. முதலாளி சும்மா விடுவாரா?

அதற்குத்தான் டீசல் ஹீட்டர். ஹீட்டர் என்றதும் உங்களுக்கு பாத்ரூம் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல. இது நிஜமாகவே ஒரு குட்டி ஸ்டவ். டாங்க்கிலிருந்து 'டிக்... டிக்...' என்று ஒரு பம்ப் கொஞ்சம் கொஞ்சமாக டீசல் அனுப்பும். பேட்டரி கரண்ட்டில் பழுக்கக் காய்ந்த ஊசி அதைப் பற்றவைக்கும். அப்புறம் ஊசிக்கு ரெஸ்ட். தீ தானாக எரியும். சின்ன ஹீட்டர் என்றால் மணிக்குக் கால் லிட்டர் போதும்.

எனக்குப் பிடித்த சாமர்த்தியம் காற்று விஷயத்தில். தீக்கான காற்று வெளியிலிருந்து வந்து, புகையாக வெளியிலேயே போய்விடும். கேபின் காற்று, சூடான உலோகக் கூட்டை வெளிப்பக்கமாகத் தடவிவிட்டுத் திரும்பும். கோபித்துக்கொண்ட சம்பந்திகள் மாதிரி, இரண்டும் சந்திக்கவே கூடாது.

சந்தித்தால்? கார்பன் மோனாக்ஸைடு! நிறமில்லை, வாசனையில்லை. தூங்குகிறவர் தூங்கியபடியே போய்விடலாம். புகைக்குழாயில் ஒரு விரிசலோ, பனி அடைப்போ போதும்.

என்னைக் கேட்டால், ஹீட்டருக்கு முன்னால் வாங்க வேண்டியது அந்த வாயுவைக் கண்டு அலறும் அலாரத்தைத்தான். தூக்கம் கெட்டால் பரவாயில்லை சார், மறுநாள் தூங்கிக்கொள்ளலாம்!