காக்கையின் மூளை

ஆசிரியப் பணியில் இருந்த நாளில் கரும்பலகையில் நான் ஓர் ஏணி வரைவதுண்டு. அடிப்படியில் மீன், அதன்மேல் முறையே தவளை, ஓணான், காக்கை, பசு, உச்சியில் மனிதன். ஒரு நாள் மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, பசுவைவிடக் காக்கை சூட்சுமம் உடையதாயிற்றே, அது ஏன் கீழ்ப்படியில் இருக்கிறது?" என்று வினவினான். "பாடத்தைக் கவனி" என்று அவனை அமர்த்திவிட்டேன். அவனுக்குரிய விடையை இன்று கூறுகிறேன்.

தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுக்கிறது. அது புலனறிவைக் கொண்டு செய்த பாகுபாடு; மூளை வளர்ந்த வரலாறு அன்று. அவ்வரலாறு ஏணியும் அன்று. கிளைத்துப் பரந்த மரம்.

குளத்து நீரில் வாழும் ஹைட்ராவுக்கு மூளை இல்லை. நரம்பு வலை மட்டுமே உண்டு. மண்புழுவின் முன்முனையில் நரம்பு முடிச்சு காணப்படுகிறது. முன்னோக்கி நகரும் உயிருக்கு இரையும் பகையும் முதலில் எதிர்ப்படுவது தலைப்பக்கத்தில் அன்றோ? ஆதலின் நரம்புகளும் அங்கே திரண்டன. முதுகெலும்புடைய உயிர்கள் அனைத்திற்கும் முன்மூளை, நடுமூளை, பின்மூளை என்னும் மூன்றும் பொது. அவற்றுள் எப்பகுதி பெருகுவது என்பதை வாழ்க்கைத் தேவையே வகுத்தது.

மூளையின் எடை கொண்டு அறிவை அளத்தலும் பொருந்தாது. யானையின் மூளை ஏறத்தாழ 5 கிலோகிராம். நம்முடையது 1,400 கிராம் அளவே. ஆப்பிரிக்க யானையின் மூளையில் சுமார் 25,700 கோடி நரம்பணுக்கள் உள்ளன. நமக்கு 8,600 கோடியே. ஆயினும் யானையின் நரம்பணுக்களில் மிகப் பெரும்பாலானவை உடலியக்கத்தைச் சீர்செய்யும் சிறுமூளையில் அமைந்தவை. சிந்தனைக்குரிய பெருமூளைப் புறணியில் யானைக்கு 560 கோடி. நமக்கோ 1,600 கோடி.

காக்கையின் கதை இதற்கு மறுதலை. அதன் மூளை சிறிது; ஆனால் காக்கை, கிளி இனங்களின் முன்மூளையில் நரம்பணுக்கள் மிக நெருக்கமாக அமைந்துள்ளன என்று 2016இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. பறவைக் கிளையும் பாலூட்டிக் கிளையும் பிரிந்து 30 கோடி ஆண்டுகளுக்கு மேலாயின. இரண்டும் தத்தம் வழியில் அறிவை வளர்த்துக்கொண்டன. ஒன்று மற்றொன்றின் கீழ்ப்படி அன்று.

குத்துக்கல்வலசையில் என் வீட்டு முற்றத்துக்கு வரும் காக்கை, காய்ந்த முறுக்குத் துண்டைத் தொட்டி நீரில் நனைத்து மென்மையாக்கித் தின்கிறது. அதைக் காணுந்தோறும் அம்மாணவன் நினைவு வருகிறது. அவன் காக்கையைப் பார்த்திருந்தான். நான் புத்தகத்தை மட்டுமே பார்த்திருந்தேன்.